2031 வரை ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் 2028-இல் பந்தயம் இல்லை

கேள்வி: கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகத் தொழில் நடத்துகிறேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்தே வளர்ந்த என் மகன் 2028-இல் பிளஸ் டூ முடிக்கிறான். அந்தக் கோடையில் பெல்ஜியத்தின் ஸ்பா-பிராங்கோர்ஷாம் தடத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம் பார்க்க அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். டிராவல் ஏஜென்ட் ஒருவர், "ஸ்பாவுக்கு 2031 வரை ஒப்பந்தம் உறுதி, இப்போது கட்டினால் பழைய விலை" என்று சொல்லி, இருவருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். அவர் தரும் ரசீதின் மாதிரியை இணைத்துள்ளேன். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். நீங்கள் குறித்து வைத்திருக்கும் 2028-ஆம் ஆண்டில் ஸ்பாவில் ஃபார்முலா ஒன் பந்தயம் கிடையாது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய ஒப்பந்தம் 2031 வரை நீள்வது உண்மைதான். ஆனால் அதன்படி பந்தயம் நடக்கும் ஆண்டுகள் 2026, 2027, 2029, 2031 ஆகிய நான்கு மட்டுமே. 2028-உம் 2030-உம் விடுபட்டவை. உங்கள் ஏஜென்ட் இதை அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. இரண்டில் எதுவானாலும் உங்கள் பணத்துக்கு ஆபத்து ஒன்றே.

இப்படி ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு என்ற முறை ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஊரிலும் பந்தயத்தை நடத்தும் உள்ளூர் ஏற்பாட்டாளர், அந்த உரிமைக்காக ஃபார்முலா ஒன் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் பெரும் கட்டணம் செலுத்துகிறார். தொலைக்காட்சி வருமானமும் பெரிய விளம்பரதாரர்களின் பணமும் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே போய்விடுவதால், ஏற்பாட்டாளரின் கையில் மிஞ்சுவது டிக்கெட் பணம்தான். அரசு கைகொடுத்தால் தாக்குப்பிடிக்கலாம், இல்லாவிட்டால் கூட்டம் நிரம்பி வழிந்தாலும் தாங்காது. நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட் அரசு மானியமின்றி நடந்துவந்த பந்தயம். ரசிகர்களுக்குக் குறைவே இல்லாதபோதும், 2026-உடன் நிறுத்திக்கொள்வதாக ஏற்பாட்டாளர்களே அறிவித்துவிட்டார்கள். நமக்கு அருகில் இருந்த மலேசியாவின் செபாங்கில் செலவு ஏறி, டிக்கெட் விற்பனை இறங்கியதால், ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு மீதமிருக்கும்போதே 2017-உடன் கடையைக் கட்டினார்கள். ஆண்டுக்கு 24 பந்தயங்கள் என்று நிரம்பிவிட்ட அட்டவணையில், பணத்தோடு வாசலில் நிற்கும் புதிய ஊர்களுக்கு இடம் கொடுக்கப் பழைய தடங்களை முறைவைத்து ஓடச் சொல்கிறார்கள். அதை வெளிப்படையாகச் செய்தாலாவது பரவாயில்லை. செய்தித் தலைப்பில் கடைசி ஆண்டை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, விடுபட்ட ஆண்டுகளை உள்ளே எங்கோ ஒரு வரியில் ஒதுக்குவது, சேமித்துச் சேமித்து வரும் ரசிகனுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

முறைவைத்து நடக்கும் பந்தயத்தில் இன்னொரு பலவீனமும் உண்டு. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங், ஹாக்கன்ஹைம் என்ற இரண்டு தடங்கள் மாறி மாறிப் பந்தயம் நடத்திவந்தன. 2015-இல் நூர்பர்க்ரிங்கின் முறை வந்தபோது அதனால் நடத்த முடியவில்லை, ஹாக்கன்ஹைமும் ஏற்கவில்லை. ஆகவே அந்த ஆண்டு ஜெர்மனியில் பந்தயமே நடக்கவில்லை. முறை தவறினால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், 2029-க்கும் இப்போதே பணம் கட்டுவது சரியல்ல.

ஒப்பந்தம் என்ற சொல்லையே நம் ஆட்கள் பத்திரப்பதிவு போல நினைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் 2026 வரை ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் கட்டணம் 2010-இல் ஒரு கோடியே 15 லட்சம் பவுண்டாக இருந்து 2017-இல் ஒரு கோடியே 62 லட்சம் பவுண்டை எட்டியபோது, பாதியில் விலக அனுமதிக்கும் பிரிவைப் பயன்படுத்தி, 2019-உடன் முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். கடைசி நேரத்தில், 2019 ஜூலையில்தான் புதிய ஒப்பந்தம் வந்தது. அச்சான அட்டவணையும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் மோட்டோஜிபி என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் என்று அட்டவணையிலேயே இருந்தது. அது போய், அதன் இடத்துக்குக் கஜகஸ்தான் வந்தது. அதுவும் போய், கடைசியில் இத்தாலியின் மிசானோவில் இரண்டாவது பந்தயம் நடந்தது.

இனி நீங்கள் அனுப்பிய ரசீதுக்கு வருகிறேன், ஏனெனில் என் உண்மையான கவலை அதில்தான் இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் "பெல்ஜியம் ஃபார்முலா ஒன் பேக்கேஜ் 2028" என்று இருக்கிறது. தேதி என்ற கட்டத்தில் "பின்னர் அறிவிக்கப்படும்" என்றும், இருக்கை என்ற கட்டத்தில் "கிடைக்கும் நிலையைப் பொறுத்து" என்றும் இருக்கிறது. அடியில், கண்ணாடி போட்டால்தான் படிக்க முடிகிற அளவில், "நிகழ்ச்சி நடைபெறாவிடில் செலுத்திய தொகை கிரெடிட் நோட்டாக மாற்றப்படும், பணமாகத் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஒரு வரி. கிரெடிட் நோட் என்றால், பணத்துக்குப் பதிலாக அவரிடமே வேறு பயணத்துக்குக் கழித்துக்கொள்ளும் சீட்டு. தேதியும் இருக்கையும் இல்லாத அந்தத் தாள் டிக்கெட் ஆகாது. நீங்கள் அவருக்கு வட்டியில்லாமல் கொடுக்கப்போகும் கடனுக்கான சீட்டு அது. விற்பனைக்கே வராத டிக்கெட்டுக்குப் "பழைய விலை" என்று ஒன்று எப்படி இருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற தாளுடன் என்னிடம் வந்த ஒருவர், கிரெடிட் நோட்டைத் தீர்ப்பதற்காகப் போக விரும்பாத ஊருக்குச் சுற்றுலா போய் வந்தார். பந்தயத் தடத்தை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. தடத்தின் அதிகாரபூர்வ விற்பனைத் தளமோ, அந்தத் தளமே பெயர் சொல்லிக் குறிப்பிடும் முகவரோ அல்லாத எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

அதிகாரபூர்வ டிக்கெட் வாங்கினால், பந்தயம் ரத்தானால் பணம் திரும்ப வரும் வழி பொதுவாக உண்டு. ஆனால் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அது நடந்தது நீங்கள் போக நினைக்கும் அதே ஸ்பாவில். 2021 ஆகஸ்ட் 29 அன்று விடாத மழை. மதியம் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய பந்தயம் தள்ளிப்போய், மாலை ஆறே கால் மணிக்கு மேல், வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் ஓடும் சேஃப்டி காரின் பின்னால் கார்கள் சில சுற்றுகள் வரிசையாக ஊர்ந்தன. ஒருவரையொருவர் முந்த அனுமதியில்லை. அத்துடன் முடித்து, ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் வென்றதாக அறிவித்துப் பாதிப் புள்ளிகளும் கொடுத்துவிட்டார்கள். மணிக்கணக்காக நனைந்த ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பந்தயத்தில் ஓட்டிய ஹாமில்டனே வெளிப்படையாகச் சொன்னார். ரத்து என்பது வேறு, இப்படி நடந்ததாகக் கணக்கெழுதப்படுவது வேறு. ரத்து என்று அறிவிக்காதவரை டிக்கெட்டின் நிபந்தனை உங்கள் பக்கம் நிற்காது. சேஃப்டி கார் இல்லாமல் இரண்டு சுற்றுகளாவது ஓடினால்தான் புள்ளி என்று 2022-இல் விதியை மாற்றினார்கள். அந்த மாற்றம் ஓட்டுநரின் புள்ளிக்கானது, உங்கள் டிக்கெட் பணத்துக்கானது அல்ல. ஆகவே நிபந்தனைகளில் "ரத்து" என்பதற்கு என்ன பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்பதை வாங்குவதற்கு முன் படியுங்கள். ஞாயிறு மட்டும் என்று வாங்காமல் மூன்று நாள் டிக்கெட்டாக வாங்கினால், ஒரு நாள் மழையில் போனாலும் மற்ற நாள்களில் தடத்தில் கார்களைப் பார்க்க வாய்ப்பிருக்கும்.

உங்களுக்கு அவசரமே இல்லை. ஓர் ஆண்டின் அட்டவணை பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில்தான் வெளியாகிறது. 2026-க்கானது 2025 ஜூனில் வந்தது. பெல்ஜியம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான் விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே அட்டவணை, பிறகு டிக்கெட், ரத்து செய்யக்கூடிய விடுதி அறை, விசா, கடைசியாக விமானம் என்ற வரிசையில் போங்கள்.

2028-தான் வேண்டும் என்றால், அதே ஷெங்கன் விசாவில் ஆஸ்திரியாவுக்கோ ஹங்கேரிக்கோ போகலாம். ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங்குக்கு 2041 வரையும் ஹங்கரோரிங்குக்கு 2032 வரையும் ஒப்பந்தம் இருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் இரண்டு அணிகளையே வைத்திருக்கும் ரெட் புல் நிறுவனத்தின் சொந்தத் தடம் என்பதால், இவற்றில் ரெட் புல் ரிங்கையே நான் அதிகம் நம்புவேன். ஸ்பாதான் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தால், 2027 அவனுடைய பிளஸ் டூ ஆண்டின் நடுவில் வருகிறது. 2029 கல்லூரிக் காலத்தில் வருகிறது. எது வசதி என்று அவனிடமே கேட்டு, அந்த ஆண்டுக்கான அட்டவணை வெளியானதும் எனக்கு எழுதுங்கள். டிக்கெட் நிபந்தனைகளைச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.