வரையத் தெரியும், அப்புறம்? நுண்கலை சர்ட்டிபிகேட், டிப்ளோமா பற்றிய கேள்வி பதில்

ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம் முடிவு வந்த நாளிலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை. கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாக ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். நானே சர்ட்டிபிகேட்டில் நுழைந்து டிப்ளோமா முடித்தவள்தான். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

டீச்சர், மகனுக்கு இரண்டு கிரெடிட்தான் வந்திருக்கிறது. நேராக டிப்ளோமா கிடைக்காது, முதலில் சர்ட்டிபிகேட் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது? (செந்தூல், ஒரு தாய்)

கிரெடிட் கணக்கு சரிதான் அம்மா. டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம்-மில் மூன்று பாடங்களில் கிரெடிட், அதாவது ‘சி’ அல்லது அதற்கு மேல், வேண்டும்; சர்ட்டிபிகேட்டுக்கு ஒன்றில். நாட்டின் தகுதிப் படிநிலையில் சர்ட்டிபிகேட் மூன்றாம் நிலை, டிப்ளோமா நான்காம் நிலை, பட்டப்படிப்பு ஆறாம் நிலை. சர்ட்டிபிகேட்டுக்குக் குறைந்தது 60 கிரெடிட் மணி, டிப்ளோமாவுக்கு 90. இந்தக் கிரெடிட் வேறு, எஸ்.பி.எம் கிரெடிட் வேறு. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்து நம்மைக் குழப்பியது யாரோ தெரியவில்லை. இங்கே ஒரு கிரெடிட் என்றால் வகுப்பும் வீட்டுவேலையும் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. ஆக, சர்ட்டிபிகேட் 2,400 மணி நேரம். அந்த நேரத்தில் பெரும்பகுதி வரைவதில்தான் போகும்.

அதனால்தான் அந்தச் சர்ட்டிபிகேட் ஆண்டை நான் குறைவாக நினைப்பதில்லை. டிப்ளோமாவில் இரண்டாம் பருவத்திலேயே வேலை மேல் வேலை வந்து விழும். கோடு நடுங்குகிறவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். சர்ட்டிபிகேட் வழியாக வருகிறவனுக்குக் கை முன்பே படிந்திருக்கும். சொந்தக்காரர்கள் கேட்டால் ‘ஓவியக் கல்லூரியில் படிக்கிறான்’ என்று சொல்லுங்கள், போதும். எந்த நிலை என்று துருவிக் கேட்கிற அளவுக்கு அவர்களுக்கும் விவரம் தெரியாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கிரெடிட் கையில் இருக்கும் பிள்ளையை, சேர்க்கை முகப்பில் இருப்பவர் ‘அடித்தளம் வேண்டும்’ என்று சர்ட்டிபிகேட் பக்கம் தள்ளினால் உடனே தலையாட்டாதீர்கள். ஓர் ஆண்டுக் கட்டணம் அது. விரிவுரையாளர் ஒருவரிடம் படங்களைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

அக்கா, பள்ளியில் நான் ஓவியப் பாடம் எடுக்கவில்லை. அறிவியல் பிரிவு. சேர முடியுமா? (கிள்ளான்)

முடியும் தம்பி. ஓவியப் பாடத்தில் கிரெடிட் இல்லாதவர்களை நேர்முகத்திலோ படத்தொகுப்பு பார்த்தோ எடுப்பார்கள். எல்லாரும் ‘போர்ட்ஃபோலியோ’ என்பார்களே, அதுதான் படத்தொகுப்பு.

எனக்கு வரும் தொகுப்புகளில் பாதிக்கு மேல் அனிமே முகங்கள், இல்லாவிட்டால் கைப்பேசிப் படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்த நடிகர் முகங்கள். உழைப்பு தெரியும், கண் தெரியாது. கைப்பேசிப் படம் ஏற்கனவே தட்டையாகிவிட்ட ஒன்று. எது முன்னே, எது பின்னே என்று முடிவெடுக்கும் வேலையைக் கேமரா உனக்காகச் செய்து முடித்துவிட்டது. உன் அம்மாவின் அம்மிக்கல்லை மேசைமேல் வைத்து, ஒரு பக்க விளக்கில் வரை. உன் இடது கையை இருபது முறை வரை. கே.டி.எம் ரயிலில் தூங்குகிறவர்களை, சாப்பாட்டுக் கடையில் காத்திருப்பவர்களை ஐந்தே நிமிடத்தில் வரை. அவர் எழுந்து போய்விட்டால் பாதியில் விட்டுவிடு. பத்துப் பதினைந்து படம் போதும். முக்கியமாக, வரைபுத்தகத்தைக் கூடவே கொண்டுவா. கிழிக்காமல், சொதப்பிய பக்கங்களோடு. நான் முதலில் அதைத்தான் புரட்டுவேன்.

கல்லூரி முறையாகப் பதிவு பெற்றதா என்று எப்படிப் பார்ப்பது? (கெப்போங், ஒரு தந்தை)

கல்லூரியை மட்டும் பார்க்காதீர்கள், படிப்பைப் பாருங்கள் ஐயா. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ-வின் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் எண்ணில் ‘எஃப்.ஏ’ என்றிருந்தால் முழு அங்கீகாரம், ‘பி.ஏ’ என்றால் தற்காலிகம். தற்காலிகம் என்றால் மோசடி அல்ல. புதிய படிப்புகள் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கும். ஆனால் என் சித்தப்பா மகள் அப்படி ஒரு படிப்பில் சேர்ந்து, பாதியில் கல்லூரி அதை நிறுத்திவிட, வேறிடத்தில் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்கினாள். ‘எஃப்.ஏ’ கிடைக்கும்போது ‘பி.ஏ’ எதற்கு என்பது என் கட்சி.

அக்கா, நாங்கள் பட்டர்வொர்த். கோலாலம்பூருக்கு வந்தே ஆக வேண்டுமா? (ஒரு தங்கை)

வேண்டாம் தங்கச்சி. பினாங்குத் தீவில் ஈக்குவேட்டர் கல்லூரி இருக்கிறது. அங்கேயே உள்ள அரசுப் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்-மில் நுண்கலைப் பட்டப்படிப்பு உண்டு, டிப்ளோமாவுக்குப் பிறகு அங்கே முயலலாம். தலைநகரில் என்றால் 1967-இல் தொடங்கிய மலேசிய ஓவியக் கழகம், டாசெயின் ஓவியக் கல்லூரி, அப்புறம் அரசின் கலைக்கழகமான அஸ்வாரா. யு.ஐ.டி.எம் என்ற அரசுப் பல்கலைக்கழகத்தின் டிப்ளோமா பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் மட்டும். அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். கைவினைப் பக்கம் மனம் போனால் ரவாங்கில் தேசியக் கைவினைக் கழகம் இருக்கிறது: பாத்தேக் (மெழுகிட்டுச் சாயமேற்றும் துணி), நெசவு, மட்பாண்டம், மரம், உலோகம், பிரம்பு.

நம் ஆட்கள் யாராவது இந்தத் துறையில் பேர் வாங்கியிருக்கிறார்களா?

வாங்கியிருக்கிறார்கள். இராமநாதபுரம் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன், சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர். இராமாயணக் காட்சிகளைப் பெரிய கான்வாசில் தீட்டியவர். பினாங்கில் பிறந்த நிர்மலா சண்முகலிங்கம் போரையும் சுற்றுச்சூழல் சீர்கேட்டையும் படமாக்கியவர். ஜாலான் தெமர்லோவில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள்.

வயது 34. கோயில் கோபுரங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலை. ஐந்தாம் படிவத்தை முடிக்கவில்லை. இனிமேல் படிக்க வழியுண்டா? (சுங்கை பூலோ)

உங்கள் செய்தியை மூன்று முறை படித்தேன் அண்ணே. வழி உண்டு. ‘அப்பல்.ஏ’ என்று ஒரு திட்டம்: பள்ளிச் சான்றுக்குப் பதிலாக வேலை அனுபவத்தை மதிப்பிட்டு நுழைவுத் தகுதி கொடுப்பார்கள். டிப்ளோமா நிலைக்கு 20 வயது நிறைந்திருந்தால் போதும். ஒரு திறன் தேர்வு எழுத வேண்டும். செய்த வேலைகளை ஆதாரத்தோடு தொகுத்துக் கொடுக்க வேண்டும். தேர்வில் மொழி, கணக்கு, பொது அறிவு வரும். பழைய பள்ளிப் புத்தகத்தை எடுத்து இரண்டு மூன்று மாதம் உட்காருங்கள். தொகுப்புக்கு உங்களிடம் இல்லாத சரக்கா? ஒவ்வொரு கோபுரத்தையும் வேலைக்கு முன், நடுவில், முடிந்தபின் என்று படம் எடுங்கள். எந்தச் சிலைக்கு நீங்கள் வண்ணம் முடிவு செய்தீர்கள், எதற்கு ஸ்தபதி சொன்னபடி செய்தீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். கோயில் நிர்வாகத்திடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார முதல் மாதம் கூச்சமாக இருக்கும். முப்பதடிச் சாரத்தில் நின்று கண் திறந்தவர் என்று தெரிந்தால் அவர்களே உங்களைச் சுற்றி உட்காருவார்கள்.

உள்ளே என்னதான் சொல்லித் தருவார்கள்? வீட்டிலேயே யூடியூப் பார்த்து வரைகிறேனே. (ஈப்போ)

மனித உருவம், நிறம், எண்ணெய் வண்ணம், அச்சுக்கலை, சிற்பம், கலை வரலாறு, கடைசியில் கண்காட்சி. யூடியூபில் எல்லாமே கிடைக்கும், தவறு செய்யும்போது பின்னால் வந்து நிற்கிற ஆளைத் தவிர.

ஓர் உதாரணம். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எண்ணெய் அதிகமானால் இறுக நாளாகும். அதனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் பூச்சு முதலில் இறுகிவிடும், அடியில் உள்ளது மெல்ல அசையும், படம் வெடிக்கும். இதைக் காணொளியில் கேட்டுத் தலையாட்டுவது எளிது. தன் படம் ஆறு மாதத்தில் விரிசல் விட்டதைப் பார்த்த மாணவி இதை மறக்கவே மாட்டாள். இன்னொன்று: கறுப்புக் குழாய் வாங்காதே. அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்து பார், உயிருள்ள கறுப்பு வரும். அப்புறம், எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் திறந்திருக்கும் அறையில் படுத்துத் தூங்காதே. சிரிக்காதே, தூங்குகிறார்கள்.

நுண்கலை என்றால் பரதமும் சேர்த்தியா?

நம் பேச்சில் சேர்த்தி. கல்லூரிப் பாடப்பட்டியலில் பெரும்பாலும் ஓவியமும் சிற்பமும்தான். நடனத்துக்கு அஸ்வாராவில் தனிப் பிரிவு உண்டு, பரதமும் கற்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பெயரைப் பார்த்து ஓவியம் கற்க அங்கே போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். அது நடனத்துக்கும் இசைக்கும் பேர்போன இடம்.

கடன் கிடைக்குமா? படித்தால் வேலை?

அங்கீகாரம் பெற்ற டிப்ளோமாவுக்கு அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என் கேட்கலாம்; அதற்கு எஸ்.எஸ்.பி.என் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும். கட்டணம் கேட்கும்போது வண்ணம், கான்வாஸ், இறுதிக் கண்காட்சிச் செலவு தனியா என்றும் கேளுங்கள். வேலை என்றால், என் மாணவர்கள் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறார்கள், கார்ட்டூன் நிறுவனங்களில் பின்னணி வரைகிறார்கள், உணவகச் சுவர்களில் சித்திரம் தீட்டுகிறார்கள், கலைக்கூடங்களில் படம் மாட்டுகிறார்கள். படத்தை விற்றே வாழ்கிறவர்கள் மிகச் சிலர். அரசுப் பள்ளி ஆசிரியராக டிப்ளோமா போதாது, பட்டம் வேண்டும். டிப்ளோமா பாடம் 80 விழுக்காடு ஒத்துப்போய், ‘சி’ அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால், பட்டப்படிப்பில் சில பாடங்களைக் கழித்துக்கொள்ளலாம்.

டீச்சர், செந்தூல் அம்மாதான் மறுபடியும். மகன் நீங்கள் சொன்னபடி ரொட்டிச் சானாய்க் கடையில் உட்கார்ந்து ஆட்களை வரைகிறான். கடைக்காரர் முறைக்கிறாராம்.

ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள் அம்மா. கூட்ட நேரத்தில் வேண்டாம். முதலில் அந்தக் கடைக்காரரையே வரையட்டும்.