ஆர்லாண்டோ பயணத்தின் நடுவில் ஹோட்டல் மாறலாமா?

கேள்வி: மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் ஆர்லாண்டோவுக்கு 7 இரவுப் பயணம். நான், கணவர், 8 வயது மகள், 67 வயது மாமியார். சனிக்கிழமை மாலை போய் இறங்குகிறோம். ஞாயிறு முதல் புதன் வரை டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்கள், வியாழனும் வெள்ளியும் யூனிவர்சலின் இரண்டு பழைய பூங்காக்கள், அடுத்த சனிக்கிழமை காலை விமானம். ஏழு இரவுக்கும் டிஸ்னியின் பாப் செஞ்சுரி ஹோட்டலில் அறை போட்டாகிவிட்டது. கடைசி இரண்டு நாளுக்கு யூனிவர்சல் ஹோட்டலுக்கு மாறினால் வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம் என்று தோழி சொல்கிறாள். கணவரோ, 'பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற வேலையே வேண்டாம், கேபில் போய் வந்துவிடலாம்' என்கிறார். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர், ரைடு எதிலும் ஏற மாட்டார். என்ன செய்யலாம்? இன்னொரு கவலை: போய் இறங்கிய பிறகு அறை பிடிக்காவிட்டால்?

பதில்: மாறுங்கள். வியாழக்கிழமை காலையில், ஒரே ஒரு தடவை. உங்கள் கணவர் சொல்வதும் தப்பில்லை. யூனிவர்சல் இல்லாத பயணமாக இருந்தால் நானும் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

ஹோட்டல் மாறுவது அறையை மாற்றும் விஷயம் மட்டும் இல்லை. கூடவே அரை நாளையும் கொடுக்கிறோம். காலை 11 மணிக்குள் ஓர் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த அறை டிஸ்னியில் 3 மணிக்கு, யூனிவர்சலில் 4 மணிக்குத்தான் உறுதி. இடைப்பட்ட நேரத்தில் குடும்பத்துக்கு வீடு கிடையாது. ஆகவே 'அந்த ஹோட்டல் இதைவிட அழகா?' என்று கேட்டுப் பயனில்லை. மற்றபடி தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் ஏதாவது, அங்கே போனால் அறையோடு சேர்ந்து கிடைக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் விஷயத்தில் கிடைக்கிறது.

தோழி சொன்னது பாதி சரி. யூனிவர்சலுக்குப் பல ஹோட்டல்கள் உண்டு. எக்ஸ்பிரஸ் பாஸ் அறையோடு சேர்ந்து வருவது போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்றில் மட்டும். கபானா பே போன்ற விலை குறைந்தவற்றில் மற்றவர்களுக்கு முன்பே பூங்காவுக்குள் போகலாம், ஆனால் எக்ஸ்பிரஸ் கிடையாது. யூனிவர்சல் ஹோட்டல் என்றாலே எக்ஸ்பிரஸ் என்று நினைத்து மலிவான அறையைப் போட்டுவிட்டு, வரவேற்பறையில் வந்து முழிப்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, இந்தப் பாஸ் யூனிவர்சல் ஸ்டூடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் இரண்டிலும்தான் செல்லும். 2025 மே 22 அன்று திறந்த யூனிவர்சலின் புதுப் பூங்காவான எபிக் யூனிவர்ஸில் செல்லாது. உங்கள் பட்டியலில் அது இல்லை. கடைசி நேரத்தில் ஆசைப்பட்டுச் சேர்த்தால் கணக்கு மாறிவிடும். நுழைவுச்சீட்டு தனி, எக்ஸ்பிரஸ் தனி என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தச் சலுகையில் எனக்குப் பிடித்த அம்சம், அது இரவுக் கணக்கில் வராமல் நாள் கணக்கில் வருவது. அறைக்குள் நுழையும் நாளிலும் காலி செய்யும் நாளிலும், இரண்டிலுமே செல்லும். அதாவது ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் எக்ஸ்பிரஸ். வியாழன் ஓர் இரவு மட்டும் அங்கே தங்கி, வெள்ளி இரவு விமான நிலையத்தை ஒட்டி ஒரு சாதாரண ஹோட்டலில் படுத்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும். இளவட்டங்கள் நான்கு பேர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை மறுபடி பெட்டி கட்டி, இரவு மறுபடி இன்னொரு வரவேற்பறையில் நிற்பது மாமியாருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம். இரண்டு இரவையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செலவு கட்டுப்படியாகுமா? ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் யூனிவர்சல் ஹோட்டலின் இரண்டு இரவு வாடகை, வரியோடு. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் அறை வாடகை மேல் 12.5 சதவீத வரி வரும். முதல் திரையில் தெரியும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் மூன்று தொகைகள்: ரத்து செய்யப்போகும் பாப் செஞ்சுரியின் இரண்டு இரவுகள், இரண்டு நாளும் போய் வரும் கேப் செலவு, தனியாக வாங்கினால் இரண்டு நாள் எக்ஸ்பிரஸுக்கு ஆகும் தொகை. எக்ஸ்பிரஸை மூன்று பேருக்குத்தான் கணக்குப் போட வேண்டும். மாமியார் ஏறப்போவதில்லையே. நான்கு பேருக்குப் பெருக்கி 'எவ்வளவு மிச்சம் பார்!' என்று மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

தனியாக விற்கும் எக்ஸ்பிரஸில் இரண்டு வகை உண்டு. ஒரு ரைடுக்கு ஒரு முறை மட்டும் போகலாம் என்பது ஒன்று, எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்பது இன்னொன்று. ஹோட்டலோடு வருவது இரண்டாவது வகை. உங்கள் மகள் பிடித்த ரைடில் திரும்பத் திரும்ப ஏறும் ரகம் என்றால் அந்த விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு தடவை போதும் என்பவள் என்றால் விலை குறைந்த வகையோடு ஒப்பிடுவதுதான் நியாயம். விலை நாளுக்கு நாள் மாறும், கூட்டமான நாளில் நுழைவுச்சீட்டின் விலையையே எட்டிவிடும். மார்ச் பள்ளி விடுமுறை கூட்டமான காலம்தான். அதனால்தான் தயங்காமல் மாறுங்கள் என்கிறேன். செப்டம்பர் மாத வார நாளாக இருந்தால், எக்ஸ்பிரஸே தேவையில்லை, இருந்த இடத்திலேயே இருங்கள் என்றிருப்பேன்.

வலப்பக்கத்தில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. அது மாமியாரின் மதியம். டிஸ்னியின் இலவச பஸ்ஸோ, ஸ்கைலைனர் என்ற கேபிள் காரோ யூனிவர்சலுக்குப் போகாது. பாப் செஞ்சுரியிலிருந்து நெடுஞ்சாலை வழியாக, நெரிசல் இல்லாவிட்டால் அரை மணிக்குள் போய்விடலாம். ஆனால் அந்த ஐ-4 நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பேர் போனது. பாப் செஞ்சுரியிலேயே தங்கிக்கொண்டு கேபில் வந்து போனால், மதியம் ஒரு மணிக்குக் கால் வலிக்கிறது என்று அவர் சொன்னால், ஒன்று எல்லோரும் கிளம்ப வேண்டும் அல்லது அவர் பெஞ்சில் உட்கார்ந்து இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். நான் சொன்ன மூன்று ஹோட்டல்களிலிருந்தும் பூங்கா வாசல் பக்கம் படகு ஓடுகிறது, நடந்தே போகவும் பாதை உண்டு. ஒருவர் கூடப் போய் அவரை அறையில் விட்டுவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம். கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எக்ஸ்பிரஸை விட இதற்கு மசிவார்.

வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் தாளில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டிஸ்னி தன் ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு இரவு நிறுத்தக் கட்டணத்தை 2023-லேயே எடுத்துவிட்டது, யூனிவர்சல் வாங்குகிறது.

இனி மாறும் நாள். அது வியாழக்கிழமை என்றாலும், வேலை புதன்கிழமையே தொடங்குகிறது. டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் பெரும்பாலும் சீக்கிரம் மூடுவது அனிமல் கிங்டம். அதைப் புதன்கிழமைக்கு வையுங்கள். மேஜிக் கிங்டமை அன்றைக்கு வைத்தால் வாணவேடிக்கை பார்த்துவிட்டு, கூட்டத்தோடு பஸ் ஏறி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நடு இரவில் பெட்டி கட்டுவீர்கள். அதைச் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் மகளுக்கு ஒரு வெள்ளைப் போர்வை உண்டு, அது இல்லாமல் தூங்க மாட்டாள். நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் எல்லாவற்றையும் கட்டினோம். அந்தப் போர்வை ஹோட்டலின் வெள்ளை விரிப்புக்குள் சுருண்டு கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த ஹோட்டலில் இரண்டு இரவு யாருமே தூங்கவில்லை. போர்வை மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது. அன்றிலிருந்து கிளம்பும் முன் கட்டில் விரிப்பை முழுவதும் உருவித் தரையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். குளியலறைக் கதவின் பின்பக்கத்தையும் பாருங்கள், ஈர நீச்சலுடை அங்கேதான் தொங்கும்.

வியாழன் காலை ஏழு மணிக்கெல்லாம் பெட்டிகளோடு கேப் ஏறிவிடுங்கள். நான்கு மணிக்குத்தானே அறை, அவசரம் என்ன என்று பதினொரு மணி வரை பாப் செஞ்சுரியில் உட்கார்ந்திருப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. யூனிவர்சல் ஹோட்டலின் முகப்பில் காலையிலேயே பதிவை முடித்து, பெட்டிகளை ஒப்படைத்து, எக்ஸ்பிரஸ் பாஸை வாங்கிக்கொண்டு நேரே பூங்காவுக்குப் போகலாம். பாஸ் அந்த அறையில் பெயர் பதிவான ஆட்களுக்குத்தான் என்பதால், புக்கிங்கிலேயே நால்வர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அறை தயாரானதும் செய்தி வரும். சில நாள் மதியமே வரும், சில நாள் நான்கு மணி வரை வராது. ஆகவே வியாழன் மதியம் மாமியாருக்குப் படுக்க இடம் இல்லாமல் போகலாம். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த மாற்றத்தில் எனக்கு உறுத்தும் ஒரே இடம் இதுதான். நடை அதிகமான பூங்காவை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி, வியாழன் அன்று உட்கார்ந்து பார்க்கும் காட்சிகளைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

இன்சுலின் விஷயத்துக்கு வருகிறேன். அறை ஃப்ரிட்ஜில் வைத்த பொருள் காலி செய்யும்போது எளிதில் மறந்துபோகும். முந்தின இரவே ஃப்ரிட்ஜ் கதவின் கைப்பிடியில் உங்கள் கைப்பையை மாட்டிவிடுங்கள். அதைத் தொடாமல் நீங்கள் வெளியே போக முடியாது, தொட்டால் ஞாபகம் வந்துவிடும். இன்சுலினைக் குளிர்ப்பையில் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள். ஒப்படைக்கும் பெட்டிகள் எதிலும் வைக்காதீர்கள்; கேப்பின் டிக்கியும் வேண்டாம், ஃப்ளோரிடா வெயில் மார்ச்சிலும் சும்மா விடாது. பாஸ்போர்ட், மற்ற மாத்திரைகள், எல்லோருக்கும் ஒரு மாற்று உடை இவையும் அதே கைப்பையில்.

கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து மனம் அங்கேதான் போகும். 'அப்படியென்றால் டிஸ்னிக்குள்ளேயே இரண்டு இரவு, மேஜிக் கிங்டமுக்கு மோனோரயில் ஓடும் உயர்ரக ஹோட்டலுக்கு மாறலாமே?' டிஸ்னியின் ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பெட்டிகளை அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பது உண்மை. மேஜிக் கிங்டமுக்கு நடந்தே போகக்கூடிய கன்டெம்பரரி ஹோட்டலில் ஓர் இரவு தங்குவது சுகம்தான். ஆனால் எல்லாப் பூங்காவுக்கும் அரை மணி முன்னதாக நுழையும் சலுகை பாப் செஞ்சுரியிலேயே இருக்கிறது. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் அங்கிருந்தே ஸ்கைலைனர் போகிறது. உயர்ரக ஹோட்டலுக்குக் கூடுதலாகக் கிடைப்பது சில குறிப்பிட்ட இரவுகளில் இரண்டு மணி நேரம் பூங்காவில் தொடர்ந்து இருக்கலாம் என்பது. எட்டு வயதுக் குழந்தையும் அறுபத்தேழு வயதுப் பாட்டியும் அந்த நேரத்தில் விழித்திருப்பார்களா, யோசியுங்கள். உணவக முன்பதிவு, லைட்னிங் லேன் (காசு கொடுத்து வாங்கும் டிஸ்னியின் விரைவு வரிசை) ஆகியவற்றுக்கும் தங்கும் தேதியை வைத்துத்தான் கணக்கு. புக்கிங் இரண்டாகப் பிரிந்தால் இரண்டாவதற்குத் தனிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுவதே பாதுகாப்பு. உங்களுக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

உங்கள் இரண்டாவது கவலைக்குச் சுருக்கமாக: அறை பிடிக்காவிட்டால் ஹோட்டலை மாற்றாதீர்கள், அறையை மாற்றச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே, முதல் இரவே கேளுங்கள். 'ரூம் நன்றாக இல்லை' என்று சொன்னால் எதிரே இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'மாமியாருக்கு நடக்க முடியாது, லிஃப்டுக்கோ ஸ்கைலைனருக்கோ பக்கத்தில் ஓர் அறை வேண்டும்' என்றால் தேட முடியும். பாப் செஞ்சுரி பரந்து கிடக்கும் இடம், அறைக் கட்டடத்தைப் பொறுத்து நடை நிறையவே வித்தியாசப்படும். இதைப் போகும் முன்பே வேண்டுகோளாகப் பதிந்து வைக்கவும் செய்யலாம். அழுக்கு, பூச்சி, ஏசி கோளாறு என்றால் மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டு மேலாளரைக் கேளுங்கள். ஊர் முழுக்கக் கூட்டமாக இருக்கும் வாரத்தில், நடு இரவில் வேறு ஹோட்டல் தேடிப் போவது இருப்பதையும் கெடுக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் டிஸ்னி புக்கிங் அறை மட்டுமா, டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜா என்று கேளுங்கள். பேக்கேஜ் என்றால் 30 நாளுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். அது மட்டுமல்ல, தள்ளுபடி ஏதாவது ஏழு இரவுக்கு என்று கிடைத்திருந்தால், ஐந்தாகக் குறைத்ததும் அது போய்விடலாம். குறைத்தால் புது மொத்தம் என்ன என்று கேட்டு, தாளின் வலப்பக்கத்தில் அந்த வித்தியாசத்தை எழுதுங்கள். கணக்கு சரியாக வந்தால் முதலில் யூனிவர்சல் அறையைப் போட்டு, உறுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு பாப் செஞ்சுரியின் வியாழன், வெள்ளி இரவுகளை எடுங்கள். வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, பள்ளி விடுமுறை வாரத்தில் இரண்டு இரவுக்கு அறை தேடி அலைந்தவர்களின் அழைப்பு எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வரும்.