பல்கலைக்கழகப் பணியாளர் சங்கம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

31 ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். நடுவில் 9 ஆண்டுகள் ஆசிரியரல்லாப் பணியாளர் சங்கத்தின் செயலாளர். காட்பாடி, குடியாத்தம், பரதராமி, எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் என்று பல இடங்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மனுவாக இருந்தாலும் இரண்டு பிரதி எடுங்கள். இரண்டாவது பிரதியில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

குடியாத்தம்: சார், என் தங்கை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறாள். அங்கே 'ஸ்டாஃப் கவுன்சில்' உறுப்பினராம். அது நம் சங்கம் மாதிரிதானா? நம் ஊரில் ஏன் அப்படி இல்லை?

நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. அங்கே ஸ்டாஃப் கவுன்சில் என்பது ஆசிரியரல்லாத ஊழியர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை மன்றம். விடுப்பு விதி, பயிற்சி, வாகனம் நிறுத்துமிடம், கஷ்டத்தில் இருக்கும் ஊழியருக்கு அவசர நிதி போன்றவற்றைப் பேசி நிர்வாகத்துக்குப் பரிந்துரை செய்வார்கள். கேட்பதும் கேட்காததும் நிர்வாகத்தின் விருப்பம். சம்பளப் பேச்சுவார்த்தை அவர்கள் வேலையில்லை. தொழிற்சங்கம் இருந்தால் அது பேசும். இதற்கு ஒரு காரணமும் உண்டு. முதலாளியே பணம் கொடுத்து நடத்தும் அமைப்பு, ஊழியர் சார்பில் சம்பளம் பேசக் கூடாது என்று தனியார் நிறுவனங்களுக்கு அவர்களுடைய 1935ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களும் அதில் அடங்கும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களின் பணியாளர் மன்றத்துக்கு இதைவிட பலம் அதிகம். சில முடிவுகளை அதன் சம்மதம் இல்லாமல் எடுக்கவே முடியாது.

நம் ஊரில் மூன்று கதவுகள் இருக்கின்றன. எதற்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் அலைகிறார்கள். பதவி உயர்வு, ஊதியம், காலிப்பணியிடம் போன்ற பொதுக் கோரிக்கை என்றால் சங்கம். எனக்கு மட்டும் நடந்த அநியாயம் என்றால் குறைதீர் குழு. பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு.

குறைதீர் குழுவைப் பலர் மறந்தே போய்விட்டார்கள். 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அது கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் அதில் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மொத்தம் 10 பேருக்கு மிகக் கூடாது. சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். குழு 30 நாளில் முடிக்க வேண்டும்.

வேலூர்: பல்கலைக்கழகம் கோயில் மாதிரி. அதைப் போய்த் தொழிற்சாலை போல நினைத்துத் தொழிலாளர் சட்டம் பேசலாமா?

இதை நீதிமன்றத்திலேயே கேட்டிருக்கிறார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்கான பேருந்தை ஓட்டிய ஓட்டுநர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963இல் "பல்கலைக்கழகம் ஒரு தொழில் அல்ல" என்று தீர்ப்பு வந்தது. 15 ஆண்டு கழித்து, 1978இல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்தை மாற்றியது. கல்வி நிறுவனமும் 'தொழில்' என்ற சொல்லுக்குள் வந்தது. 1988இல் வந்த இன்னொரு தீர்ப்பு, ஆசிரியர் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்றது. ஆகவே எழுத்தர், ஓட்டுநர், தோட்டக்காரர், ஆய்வக உதவியாளர் எல்லோரும் உள்ளே, பேராசிரியர் வெளியே. கோயிலிலும் விளக்கு ஏற்றுகிறவருக்குச் சம்பளம் உண்டு.

சித்தூர்: நான் தினமும் எல்லை தாண்டி வந்து விடுதியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். எனக்கு ஆந்திரா சம்பளமா, தமிழ்நாடு சம்பளமாண்ணா? இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) எங்கே பார்ப்பது?

வேலை எங்கே நடக்கிறதோ அந்த மாநிலத்துக் குறைந்தபட்ச ஊதியம்தான் அம்மா. வீடு நரஹரிப்பேட்டையில் இருந்தாலும் சரி, ஒப்பந்தக்காரரின் அலுவலகம் திருப்பதியில் இருந்தாலும் சரி, கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் துடைப்பம் பிடித்தால் தமிழ்நாட்டுக் கணக்கு. இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் வருவார்கள். உங்களிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்தில் பதிவு செய்துகொள்ளலாம்; குடும்பம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் சிகிச்சை உண்டு.

உங்கள் கேள்வி எனக்கு ஒரு மழைக்காலத்தை நினைவுபடுத்திவிட்டது. நான் வேலை பார்த்த இடத்தில் விரல்ரேகை வைக்கும் வருகைப் பதிவு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. விடுதி துப்புரவுப் பெண்களுக்கு மட்டும் அது சிவப்பு விளக்கே காட்டியது. பிளீச்சிங் பவுடரிலும் பினாயிலிலும் ஊறி ஊறி அவர்கள் விரல் நுனியில் ரேகையே தேய்ந்திருந்தது. ஒரு அம்மா விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து ஏழெட்டு முறை வைத்தார். கடைசியில் விரலை வாயில் வைத்து ஈரமாக்கியும் பார்த்தார். மாதக் கடைசியில் அவருக்கு நான்கரை நாள் சம்பளம் பிடித்தம். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். அவர்கள் சங்க உறுப்பினர்கள் அல்ல என்பதால், முதல் இரண்டு மாதம் அது எங்கள் வேலையில்லை என்றுதான் நாங்களும் இருந்தோம். அது தப்பு. மூன்றாவது மாதம்தான் மனு எழுதினோம். ஒரே பக்கம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் பதிவேடு ஒன்று வைக்க வேண்டும், பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும். முத்திரை வாங்கிய பிரதி கையில் இருந்தது. 19 நாளில் பதிவேடு வந்தது. பணம் வர இன்னும் இரண்டு மாதம் ஆனது.

ஆம்பூர்: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள், ஆனால் கணக்கில் ஏறவில்லை. ஒப்பந்தக்காரரைக் கேட்டால் "ஆபீசில் கேள்" என்கிறார், ஆபீசில் கேட்டால் "ஒப்பந்தக்காரரைக் கேள்" என்கிறார்கள்.

இரண்டு பேரும் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது பல்கலைக்கழகம், கட்டியாக வேண்டும். சம்பளத்துக்கும் அதே விதிதான். முதலில் அரசின் உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். எந்த மாதம் விடுபட்டிருக்கிறது என்று குறித்து, வேலூர் பி.எஃப். அலுவலகத்துக்கும் பதிவாளருக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள். இரண்டுக்கும் ஒப்புகை வேண்டும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். முந்தைய மாதத்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானும் பெயர்ப் பட்டியலும் இணைக்காத ஒப்பந்தக்காரர் பில்லை நிதிப் பிரிவு பாஸ் செய்யக் கூடாது என்று எழுதிக் கேளுங்கள். இந்த ஒரு வரி உத்தரவு பத்து ஆர்ப்பாட்டத்துக்குச் சமம்.

திருத்தணி: பத்து வருடமாகத் தொகுப்பூதியம். எப்போது நிரந்தரம் ஆக்குவார்கள்?

இதே கேள்வி ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது. தேதி சொல்ல என்னால் முடியாது. சொல்கிறவர் யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள். நியமன ஆணை, ஒவ்வொரு நீட்டிப்பு ஆணை, சம்பளம் ஏறிய வங்கிப் பக்கம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

ராணிப்பேட்டை: சார், நான் நிரந்தர உதவியாளர். சங்கம் எங்கள் சந்தாவில் நடக்கிறது. தொகுப்பூதியம், அவுட்சோர்சிங் ஆட்களையெல்லாம் சேர்த்தால் எங்கள் பதவி உயர்வுக் கோரிக்கை அடிபடும். 2006இல் உச்ச நீதிமன்றம் தந்த உமாதேவி தீர்ப்பிலேயே அவர்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லியாயிற்று.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பதவி உயர்வுக்காக 14 வருடம் காத்திருந்தவன் நான். ஆனால் உமாதேவி தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் நீதிமன்ற உத்தரவின் துணையின்றி பத்து ஆண்டு வேலை செய்தவர்களை ஒரே ஒரு முறை எடுக்கும் நடவடிக்கையாக வரன்முறைப்படுத்தவும், அதாவது நிரந்தரமாக்கவும், சொன்னது. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையாவது தர வேண்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், உமாதேவியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நீண்ட காலம் உழைத்தவர்களை மறுக்கக் கூடாது என்றார்கள்.

ராணிப்பேட்டை (மறுபடியும்): சட்டம் சரி சார். ஆனால் சங்கத் தேர்தலில் அவர்கள் எண்ணிக்கை எங்களைவிட அதிகம். நாளைக்குச் செயலாளர் பதவியே அவர்களுக்குப் போய்விடும்.

போகட்டும். இப்படி யோசியுங்கள். உங்கள் பிரிவில் ஒரு உதவியாளர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்புகிறார்களா? இல்லை, 12,000 ரூபாய்க்கு ஒருவரை வைக்கிறார்கள். அந்த 12,000 ரூபாய் இருக்கும்வரை உங்கள் காலிப்பணியிடம் காலியாகவே இருக்கும். உங்கள் பதவி உயர்வைத் தடுப்பது அவர் அல்ல, அவருக்குக் கொடுக்கும் குறைந்த கூலி. அவர் கூலி ஏறினால்தான் உங்கள் இடத்தை நிரப்புவது பற்றி நிர்வாகம் யோசிக்கும்.

எண்ணிக்கையிலும் உங்களுக்கு லாபம். பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கத்தையே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்கிறது புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் வெளியே நிற்கும்போது அந்த 51ஐ எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

சித்தூர் அக்கா இடையில் எழுதியது: எங்களுக்குச் செயலாளர் பதவி வேண்டாம். கூட்டம் நடக்கும்போது உட்கார ஒரு இடம் கொடுத்தால் போதும்.

ராணிப்பேட்டைத் தம்பி, இதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ராணிப்பேட்டை: அடுத்த பொதுக்குழுவில் விதித் திருத்தம் வைக்கிறேன் சார். இணை உறுப்பினராகவாவது சேர்ப்போம்.

சந்தாவைப் பத்து ரூபாயாக வையுங்கள். வாக்குரிமையும் சேர்த்தே கொடுங்கள்.

பேரணாம்பட்டு: பி.எஃப். எப்படிப் பார்ப்பது?

மேலே ஆம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம்: பிரிவு அலுவலர் தப்பாகப் பேசுகிறார். சங்கத்தில் சொன்னால் "சமாதானமாகப் போ" என்கிறார்கள்.

சமாதானம் பேச வேண்டாம் அம்மா. சங்கத்துக்கு அந்த அதிகாரமே இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழுத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதி உறுப்பினராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி ஆசிரியரல்லாப் பணியாளர் இருவரும் அதில் உண்டு. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். நீங்கள் ஒப்பந்தப் பணியாளராக இருந்தாலும் இதெல்லாம் பொருந்தும். சமாதானம், அதாவது சமரசம், நீங்கள் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்துச் சமரசம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. நடந்த தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் இன்றிரவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

திருப்பத்தூர்: என் பையனுக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைக்குமா?

சேர்க்கைப் பிரிவைக் கேளுங்கள். எனக்குத் தொடர்பில்லாதது.

சோளிங்கர்: 26 வாரப் பேறுகால விடுப்பு ஒப்பந்தப் பணியாளருக்கு உண்டா?

உண்டு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அங்கிருந்து தொகை வரும்.

வாலாஜா: நிரந்தரம் எப்போது சார்?

திருத்தணிக்குச் சொன்னதுதான். தயவுசெய்து மேலே பார்த்துவிட்டுக் கேளுங்கள். புதிய கேள்விகள் பின்னால் நிற்கின்றன.

காட்பாடி: மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். சரி பார்க்கலாம் என்றார். போதாதா?

போதாது. இரண்டு பிரதி, முத்திரை, தேதி.

சித்தூர் அக்கா: ராணிப்பேட்டைத் தம்பி சொன்னபடி கூட்டம் வைத்தால் எங்கள் ஆட்கள் என்ன கொண்டு வர வேண்டும்?

160 பக்க நோட்டு ஒன்று. முதல் பக்கத்தில் தேதியும் வந்தவர் பெயரும் கையெழுத்தும். கையெழுத்து வராதவர் கைநாட்டு வைக்கட்டும். பக்கத்தில் பெயரைத் தெலுங்கிலேயே எழுதலாம், தடையில்லை. ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்லட்டும். ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துக் குறை வந்தால் அதில் எல்லோருக்கும் பொதுவான ஒன்றை மட்டும் எடுத்து முதல் மனு போடுங்கள். சம்பளம் மாதம் 7ஆம் தேதிக்குள் வருகிறதா என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அது சட்டத்திலேயே இருக்கும் தேதி. கூட்டத்தை மாலை ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். தீர்மானத்தைத் தெலுங்கில் ஒருவர் சத்தமாகப் படித்த பிறகுதான் கையெழுத்து. முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.