9 கொடுத்தால் 'விஐவி' என்று வருகிறது, ரோமன் எண்ணாக மாற்றும் நிரலில் எங்கே தவறு?

ஐ (1), வி (5), எக்ஸ் (10), எல் (50), சி (100), டி (500), எம் (1000) என்ற ஏழு எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிவிட்டு, கடைசியில் ரீப்ளேஸ் போட்டுச் சரிக்கட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி எழுதினால் 9 முதலில் 'விஐஐஐஐ' என்று வரும். நான்கு ஐ-யை 'ஐவி' ஆக்கும் வரி முன்னால் ஓடினால், முன்னே நிற்கும் வி அப்படியே தங்கிவிடும். 'ஐஎக்ஸ்' வரியை அதற்கு மேலே ஏற்றினால் 9 சரியாகும். ஆனால் 90, 900 இரண்டுக்கும் இதே கூத்துதான். இந்த வழியையே விட்டுவிடுங்கள்.

ஐவி, ஐஎக்ஸ் போன்ற கழித்தல் வடிவங்களையும் அட்டவணையிலேயே சேர்த்துவிட்டால் 13 மதிப்புகள்: 1000, 900, 500, 400, 100, 90, 50, 40, 10, 9, 5, 4, 1. இறங்குவரிசை முக்கியம். ஒவ்வொரு மதிப்பையும் கழிக்க முடிகிறவரை கழித்து, அதற்குரிய எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போங்கள். 1994-இல் 1000 போக 994, 900 போக 94, 90 போக 4. அதுவும் போனால் 'எம்-சிஎம்-எக்ஸ்சி-ஐவி'. உள்ளே வைல் (while) லூப்தான் வேண்டும். இஃப் போட்டால் 3-க்கு ஒரே ஒரு ஐ-யோடு நின்றுவிடும்.

கடிகாரத்தில் நான்கு ஐ போட்டிருக்கிறார்களே என்று சிலர் வாதத்துக்கு வருவார்கள். கடிகார முகப்பில் அந்த வழக்கம் உண்டு, மறுக்கவில்லை. பயிற்சிக் கணக்கு கேட்பது கழித்தல் வடிவத்தை. ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று இலக்கத்துக்கு ஒன்றாக நான்கு அர்ரே வைப்பதும் நல்ல வழிதான். வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்: மிக நீளமான விடை 3888-க்கு, அதுவே 15 எழுத்துதான். சி மொழியில் முடிவுக் குறியையும் சேர்த்து 16 இடம் ஒதுக்குங்கள்.

சோதிக்கும்போது 4, 9, 49, 99, 944, 3999 கட்டாயம். 49 என்பது 'எக்ஸ்எல்-ஐஎக்ஸ்', 'ஐஎல்' அல்ல. ரோமனாக்கித் திரும்ப எண்ணாக்கிப் பார்ப்பது மட்டும் போதாது. ரோமனை எண்ணாக வாசிக்கும் சாதாரண பார்சர் 'ஐஎல்'லையும் 49 என்றே வாசித்துவிடும், தவறு வெளியே தெரியாது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு. இந்தக் கணக்கைக் கொடுக்கும் பலர் எல்லையைச் சொல்வதே இல்லை. ரோமனில் பூஜ்யம் கிடையாது; மேல்கோடு போடாமல் 3999-க்கு மேல் முறைப்படி எழுதவும் முடியாது. மேலே சொன்ன நிரலோ 0-க்குச் சத்தமில்லாமல் காலி ஸ்ட்ரிங்கைத் தரும், 4000-க்கு நான்கு எம் தரும். கேள்வியில் எல்லை இல்லாவிட்டாலும் முதல் வரியிலேயே 1 முதல் 3999 வரைதானா என்று பார்த்து, இல்லையென்றால் எரர் கொடுங்கள்.