குளிர் இப்படி வாட்டுகிறதே, பூமி சூடாகிறது என்பது எப்படி உண்மையாகும்?

வானிலை என்பது இன்றோ இந்த வாரமோ வெளியே நடப்பது. காலநிலை என்பது ஓர் இடத்தின் நீண்ட கால வானிலைச் சராசரி. வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கை எடுப்பார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து நானும் பல வருடம் குழம்பியவன்தான். போர்வைக்குள் நடுங்கியபடி, "எங்கே போச்சு உங்க வெப்பமயமாதல்?" என்று கிண்டல்கூட அடித்திருக்கிறேன்.

கடற்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓர் அலை கிட்டே வருகிறது, அடுத்தது பாதியிலேயே திரும்பிவிடுகிறது. அதைப் பார்த்து 'கடல் உள்வாங்குகிறது' என்று நம்பினால், ஓதம் (கடல் மட்டம் மெல்ல ஏறி இறங்குவது) ஏறும் நேரத்தில் செருப்பு போய்விடும். தனித்தனி அலை வானிலை, ஓதம் காலநிலை.

சரி, இந்த 'ஓதம்' ஏன் ஏறுகிறது, அதாவது பூமி ஏன் சூடாகிறது? நிலக்கரியும் பெட்ரோலும் எரியும்போது வரும் கரியமில வாயு, தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தைப் பிடித்து, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த அந்த வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பதிவான ஆண்டுகளிலேயே மிகச் சூடானது 2024. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வாயு வெப்பத்தைப் பிடிக்கும் என்பதை ஜான் டின்டால் என்ற இயற்பியலாளர் 1859-லேயே ஆய்வகத்தில் சோதித்துக் காட்டிவிட்டார். தெரியாமல் செய்தோம் என்று சொல்லவும் வழியில்லை.

அப்புறம், பலர் நினைப்பதுபோல பூமி சூடாவதற்குக் காரணம் ஓசோன் ஓட்டை அல்ல. அது புற ஊதாக் கதிர்களை உள்ளே விடும் வேறொரு பிரச்சினை.