ஒட்டு தளர்ந்தால்… (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

காந்தம், மின்சாரம், வடிவ மாற்றம் மூன்றையும் இணைக்கும் காந்த-மின்-மீள்மக் கலவைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அழுத்தினால் மின்சாரம் தரும் பேரியம் டைட்டனேட் காந்தத்தைக் கண்டுகொள்ளாது. கோபால்ட் ஃபெரைட்டை அழுத்தினால் மின்சாரம் வராது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் காந்தப்புலத்தில் மின்னழுத்தம் எப்படி வருகிறது? இரண்டிலும் இந்த விளைவு பூஜ்யம் என்றால் சராசரியும் பூஜ்யம்தானே? இதில் ஓர் உணரி (சென்சார்) செய்து பாம்பன் பாலத்தில் ஒட்டினால் கணக்கு பலிக்குமா?

கா., மண்டபம்

அன்புள்ள கா.,

சராசரி பூஜ்யம்தான். ஆனால் இங்கே நடப்பது பெருக்கல். காந்தப்புலத்தில் கோபால்ட் ஃபெரைட் சுருங்கும், மீட்டருக்கு 0.1, 0.2 மில்லிமீட்டர், அவ்வளவுதான். சுருங்கும்போது தன்னோடு ஒட்டியிருக்கும் பேரியம் டைட்டனேட்டையும் சேர்த்து இழுக்கிறது. அது ஏற்கெனவே வலுவான மின்புலத்தில் முனைவாக்கப்பட்டது (உள்ளே இருக்கும் மின்முனைகள் ஒரே பக்கம் திருப்பப்பட்டது) என்பதால், வடிவம் மாறியதும் மின்னழுத்தம் காட்டுகிறது. 1972-இல் வான் சுக்டெலன் என்ற ஆய்வாளர் இதைப் பெருக்கல் பண்பு என்றே எழுதினார். பெருக்கலில் ஒரு காரணி போனால் எல்லாம் போச்சு. இங்கே அந்தக் காரணி இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒட்டு.

நம் கணித மாதிரிகள் பலவும் 1957-இல் எஷெல்பி என்ற அறிவியலாளர் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்தவை. துகளும் சுற்றுப்பொருளும் இம்மியும் விலகாமல் ஒட்டியிருப்பதாக அவை எடுத்துக்கொள்கின்றன. அடுக்கு மாதிரிகளில் மட்டும் ஒட்டுக்கென்று ஓர் எண்ணைச் சேர்ப்பதுண்டு: முழு ஒட்டு 1, ஒட்டே இல்லை என்றால் 0. கட்டுரைகளில் 1 போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை, அதுவும் உப்புக்காற்று வீசும் உங்கள் கரைக்கு.

ஒட்டு விட்டது வெளியே தெரியாது என்பதற்கு பைபர் படகே சாட்சி, அதுவும் கலப்புப் பொருள்தான். கண்ணாடி இழை அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று பார்க்க அதைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் பொத்தென்று அமுங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

பாம்பனுக்கு வருவோம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. அங்கே உணரியை ஒட்டினால் முதல் நாள் உங்கள் கணக்கு ஓரளவு பலிக்கும். பிறகு உணரிக்குள்ளோ, உணரிக்கும் இரும்புக்கும் இடையிலோ ஒட்டு தளர்ந்தால், பாலத்தின் அசைவு முழுதாக வந்து சேராது. மின்னழுத்தம் குறையும். அதைப் பார்க்கிறவர் பாலம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். எனக்கு உண்மையில் பயம் இதில்தான்: பழுதான உணரி பயப்படாதே என்கிறது.

ஆகவே கணக்கை ஒட்டு எண் 1-க்கு மட்டும் போடாமல் 0.7-க்கும் 0.4-க்கும் போட்டுப் பாருங்கள். அப்புறம், உணரி அருகே சிறிய கம்பிச்சுருள் ஒன்றை வைத்து, பாலத்தில் ரயில் இல்லாத நேரத்தில் தெரிந்த அளவு மாறுகாந்தப்புலத்தைக் கொடுங்கள். வரும் மின்னழுத்தம் முன்பைவிடக் குறைந்தால், உள் ஒட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்த எண்ணை மாற்றும். இரும்போடு ஒட்டிய பசையைப் பற்றி இந்தச் சோதனை முழுதாகச் சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு வழி வேண்டும். யோசித்து எழுதுங்கள்.