கடல்நீரைக் காய்ச்சினால் போதாதா?

கேள்வி: உப்புக் கரைசலைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துத் தூய நீர் எடுக்கலாம் என்று பள்ளியில் படித்தோம். அவ்வளவு எளிய வழி இருக்க, மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலைகளில் சவ்வு, உயரழுத்தப் பம்பு என்று ஏன் செலவழிக்கிறார்கள்? வீட்டு ஆர்.ஓ. கருவியிலேயே கடல்நீரை ஊற்றிக் குடிநீர் எடுக்க முடியாதா?
– ஒரு வாசகர், பழவேற்காடு

பதில்: காய்ச்சி வடித்தல் எளிய வழிதான், மலிவான வழி அன்று. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அந்த நீரை முழுவதும் ஆவியாக்கவோ மேலும் 2,260 கிலோஜூல் வேண்டும். 1,000 லிட்டருக்கு இதை மின்சாரத்தில் கணக்கிட்டால் சுமார் 700 யூனிட் ஆகிறது. ஆவி குளிரும்போது இவ்வெப்பம் திரும்பக் கிடைக்கும் என்றாலும், பள்ளி ஆய்வகத்தில் அதைக் குழாய்த் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறோம். வளைகுடா நாடுகளின் ஆலைகள் அதை வீணாக்காமல் உள்ளே வரும் கடல்நீரைச் சூடாக்கப் பயன்படுத்துவதோடு, அனல்மின் நிலையங்களை ஒட்டி அமைந்து அவற்றின் நீராவியையும் வாங்கிக்கொள்கின்றன.

நீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வைப் பயன்படுத்தும் முறையில் நீர் ஆவியாக வேண்டியதே இல்லை என்பதால் அந்தப் பெரும் வெப்பச் செலவு அடியோடு மிச்சமாகிறது. சவ்வின் இருபுறமும் நன்னீரும் உப்புநீரும் இருந்தால், நன்னீர் உப்புநீரை நோக்கிச் செல்வதே இயல்பு. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் இந்தப் போக்கைத் தடுத்து நிறுத்தவே சுமார் 27 பார் அழுத்தம், அதாவது கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு, தேவைப்படுகிறது; அதற்கும் மேல் அழுத்தினால்தான் நீர் எதிர்த்திசையில் திரும்பும். நீர் பிரியப் பிரிய எஞ்சியதன் உப்பு ஏறிக்கொண்டே போகும். பாதி நீரை எடுத்துவிட்டால் மீதியின் உப்பு இரட்டிப்பாகிவிடும். ஆகவேதான் ஆலைகள் 55 முதல் 70 பார் வரை அழுத்துகின்றன. வெளியேறும் உவர்நீரில் அந்த அழுத்தம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், அதைப் புதிதாக வரும் கடல்நீருக்கு மாற்றிவிடும் கருவியையும் பொருத்துகிறார்கள். (என் பார்வையில், சவ்வுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இக்கருவிக்குச் சேர வேண்டும்.) இவ்வளவுக்கும் பிறகு 1,000 லிட்டருக்கு ஆகும் மின்சாரம் 3 முதல் 4 யூனிட்தான்.

நடைமுறைக்கு உகந்த முதல் சவ்வை 1960-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உருவாக்கிய இருவரில், சிட்னி லோபுடன் இருந்தவர் இந்தியரான சௌரிராஜன்.

வீட்டுக் கருவியின் பம்பு தருவது பெரும்பாலும் 5, 6 பார் அழுத்தமே. அதில் கடல்நீரை ஊற்றினால் கிட்டத்தட்ட முழுவதும் கழிவுக் குழாய் வழியே போய்விடும், சவ்வும் கெடும். மின்சாரம் இல்லாமல் சிறிதளவு நன்னீர் போதுமென்றால், அடியில் கறுப்புப் பூசிய தொட்டியின்மேல் சாய்வாகக் கண்ணாடி மூடிய சூரிய வடிகலனை முயன்று பாருங்கள். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு நாளொன்றுக்கு 3, 4 லிட்டர் கிடைக்கும்.